தந்தி அறுந்தது... இசை நிற்கவில்லை!

குழந்தைகளே! பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். பாதிப் பாட்டில் மைக் நின்றுவிடுகிறது. என்ன செய்வீர்கள்?

சிலர் அழுதுவிடுவார்கள். சிலர் ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சிலர் மட்டும் குரலை உயர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடி முடிப்பார்கள். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்த மூன்று வகையினரையும் மேடையில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒரு மேதையின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஒரே கச்சேரியில் அவருக்கு மூன்று பியானோக்கள் பாழாயின. ஆனாலும் கச்சேரி நடந்து முடிந்தது!

அவர் பெயர் பிரான்ஸ் லிஸ்ட். மளிகைக் கடைக்கு அம்மா எழுதித் தருகிற லிஸ்ட் அல்ல! ஐரோப்பாவையே தன் பத்து விரல்களால் ஆட்டி வைத்த பியானோ மேதை.

1811-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, ரைடிங் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது ஹங்கேரியில் இருந்த அந்த ஊர், இப்போது ஆஸ்திரியாவில் இருக்கிறது. தந்தை ஆதாம் லிஸ்ட், எஸ்தர்ஹாசி என்ற பெரும் பிரபுவின் பண்ணையில் ஆட்டு மந்தைகளை மேற்பார்வை பார்க்கும் அலுவலர். இசையில் தீராத ஆசை உள்ளவர். செல்லோ என்ற வாத்தியத்தைப் பிரபுவின் இசைக்குழுவில் வாசித்தவர். மகனுக்கு முதல் குருவும் அவர்தான்.

ஒன்பது வயதில் சிறுவன் பிரான்ஸ் மேடை ஏறினான். 1820-ஆம் ஆண்டு இறுதியில் பிரஸ்பர்க் நகரில் (இன்றைய பிராட்டிஸ்லாவா) அவன் வாசித்ததைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர், ஆறு ஆண்டுகளுக்கு அவன் படிப்புச் செலவை ஏற்பதாக முன்வந்தார்கள். ஆதாம் லிஸ்ட் வேலையை விட்டுவிட்டு, மனைவி, மகனுடன் வியன்னா நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே கிடைத்த குரு கார்ல் செர்னி. அவர் யார் தெரியுமா? மாமேதை பீத்தோவனின் மாணவர்! முதல் நாள் அவர் முன்னால் வாசித்தபோது, வெளிறிப்போய் நோஞ்சானாக இருந்த அந்தப் பையன் நாற்காலியில் அப்படியும் இப்படியும் ஆடினானாம். விழுந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது என்று செர்னி பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். விரல் பயிற்சி ஒழுங்கில்லை; ஆனால் திறமை அபாரம். செர்னி காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். தினமும் பயிற்சி, பயிற்சி, பயிற்சி! சலிப்பாகத்தான் இருந்திருக்கும். பிற்காலத்தில் மேடையில் எது நடந்தாலும் அவர் விரல்கள் தடுமாறாமல் இருந்ததற்கு, அந்தச் சலிப்பான பயிற்சிதான் அடித்தளம் என்பது என் எண்ணம்.

1823-இல் குடும்பம் பாரிஸ் போனது. அங்கிருந்த புகழ்பெற்ற இசைக் கல்லூரியில் சேர முடியவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார் கல்லூரித் தலைவர் கெருபினி. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கெருபினியே இத்தாலியிலிருந்து வந்தவர்தான்!

ஒரு கதவு மூடினாலும், தங்கியிருந்த வீதியிலேயே வேறொரு கதவு திறந்தது. எதிர்ச் சாரியில் எரார்ட் குடும்பத்தாரின் பியானோத் தொழிற்சாலை. அவர்கள் சிறுவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளை போல ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே பியானோவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு கதை புரியும். நீங்கள் பார்த்திருக்கும் மின்சாரக் கீபோர்டுக்கும் பியானோவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பியானோவின் உள்ளே இழுத்துக் கட்டிய கம்பித் தந்திகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சின்னஞ்சிறு மரச் சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி. ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தந்தி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று தந்திகள். தடித்த ஒலி தருபவற்றுக்கு இரண்டு அல்லது ஒன்று. இன்றைய பியானோவில் 88 கட்டைகள், 200-க்கும் மேற்பட்ட தந்திகள்!

எரார்ட் கம்பெனி 1821-இல் ஒரு புதுமை செய்தது. அதுவரை, அழுத்திய கட்டை முழுவதும் மேலே வந்த பிறகுதான் அதே ஒலியை மறுபடி எழுப்ப முடியும். எரார்ட் பியானோவில் கட்டை பாதி எழும்போதே மறுபடியும் தட்டலாம். வேகமான விரல்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பியானோவில் சிறுவன் லிஸ்ட் பறந்தான்!

1824 மார்ச் மாதம் பாரிஸில் நடந்த கச்சேரியில் ஒரு வேடிக்கை. லிஸ்ட் தனியாக வாசிக்க வேண்டிய பகுதி முடிந்ததும் இசைக்குழு சேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் குழுவினர் சிறுவனின் வாசிப்பில் மெய்மறந்து, தாங்கள் வாசிக்க வேண்டியதையே மறந்துவிட்டார்களாம்! அந்த நாளில் பத்திரிகையிலும் இது வந்தது.

பாரிஸில் அவருக்கு இசை இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் அந்தோன் ரெய்ஷா. இவர் இளமையில் பீத்தோவனின் தோழர். ஒருமுறை அரசவையில் பீத்தோவன், மோட்சார்ட் இயற்றிய ஒரு பியானோ இசையை வாசித்தார். பக்கத்தில் நின்று இசைத்தாளைப் புரட்டுவது ரெய்ஷாவின் வேலை. பீத்தோவனின் கை பட்டதும் தந்திகள் ஒவ்வொன்றாக அறுந்தன. அறுந்த தந்திகளில் சுத்தியல்கள் சிக்கிக்கொண்டன. பீத்தோவனோ நிறுத்துவதாக இல்லை! ரெய்ஷா ஓடிப்போய் ஒரு தந்தியைப் பிடுங்குவார், சுத்தியலை விடுவிப்பார், திரும்ப ஓடிவந்து தாளைப் புரட்டுவார், மறுபடி ஓடுவார். வாசித்தவரைவிடத் தமக்குத்தான் அதிக வேலை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைப் பாடம் நடத்தும்போது லிஸ்டுக்கும் சொன்னாரோ என்னவோ! சொல்லியிருந்தால், அது நல்ல முன்பாடமாக இருந்திருக்கும்.

1827-இல் தந்தை காய்ச்சலில் இறந்தார். லிஸ்டுக்கு அப்போது 15 வயது. தாயாருடன் பாரிஸில் தங்கி, வீடு வீடாகப் போய்ப் பியானோ சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார்.

1832-இல் பாகனினி என்ற வயலின் மேதையின் கச்சேரியைக் கேட்டார். ஒரே ஒரு தந்தியில் வாசிப்பதற்கென்றே இசை எழுதியவர் பாகனினி! வயலினில் அவர் செய்ததைப் பியானோவில் நான் செய்து காட்டுவேன் என்று 20 வயது லிஸ்டுக்கு வெறியே பிடித்தது. நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி. வேகம் கூடியது. கூடவே ஒலியின் கனமும் கூடியது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பமானது. லிஸ்டின் விரல்கள் வளர்ந்துவிட்டன, பியானோ வளரவில்லை! அன்றைய பியானோக்களின் உடம்பு பெரும்பாலும் மரம். தந்திகளை அதிகமாக இறுக்கினால் மரச்சட்டம் தாங்காது. அதனால் தந்திகளும் மெல்லியவை. சிறிய வரவேற்பறையில் 50 பேர் உட்கார்ந்து கேட்க அது போதும். பெரிய கூடத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தால்?

பட்! தந்தி போய்விடும்.

ஒரு கட்டைக்குரிய மூன்று தந்திகளில் ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் ஒலிக்கத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். ஒலிக்கும். ஆனால் அறுந்த தந்தி சும்மா கிடக்காது. பக்கத்துத் தந்திகள் மேல் விழுந்து, கரகரவென்று இரையும். இறுக்கம் மாறுவதால் சுருதியும் கலையும். சுத்தியல் ஒடிந்தாலோ கேட்கவே வேண்டாம், அந்தக் கட்டை ஊமை. வயலின் வித்துவான் சொந்த வாத்தியத்தைக் கையோடு எடுத்து வருவார். மாற்றுத் தந்தியும் பெட்டியில் இருக்கும். பியானோ வித்துவான் என்ன செய்வார்? பெரும்பாலும் ஊரில் என்ன பியானோ கிடைக்கிறதோ அதில்தான் வாசித்தாக வேண்டும்.

1838-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தன்யூப் நதியில் பெருவெள்ளம் வந்தது. ஹங்கேரியின் பெஸ்ட் நகரம் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) மூழ்கியது. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. மக்கள் வீடிழந்து தெருவில் நின்றார்கள். அப்போது இத்தாலியில் வெனிஸ் நகரில் இருந்த லிஸ்ட் இந்தச் செய்தியை அறிந்து துடித்துப் போனார். சிறு வயதில் தன்னைப் படிக்க வைத்தது அந்த நாட்டு மக்கள் அல்லவா? உடனே வியன்னாவுக்குப் புறப்பட்டார். வெள்ள நிவாரணத்துக்காக ஒரு கச்சேரி!

1838 ஏப்ரல் 18. ஒருகாலத்தில் நாற்காலியில் ஆடிக்கொண்டு வாசித்த பையன், 26 வயது இளைஞராக வியன்னா மேடையில் ஏறினார். மூன்று பியானோக்களில் வாசித்தார். ஒன்று தால்பெர்க் என்பவருக்குச் சொந்தமான எரார்ட். இந்தத் தால்பெர்க் யார் என்று நினைக்கிறீர்கள்? முந்தைய ஆண்டுதான் பாரிஸில் லிஸ்டுடன் போட்டிக் கச்சேரி நடத்திய எதிரி வித்துவான்! மற்ற இரண்டும், வியன்னாவில் பெயர் பெற்ற கோன்ராட் கிராஃப் செய்த பியானோக்கள்.

சபையில் கிளாரா வீக் என்ற 18 வயதுப் பெண்ணும் இருந்தாள். அவளும் பெரிய பியானோக் கலைஞர்தான். பின்னாளில் இசையமைப்பாளர் ஷூமனை மணந்துகொண்டவள். அவளுடைய தந்தையும் உடன் வந்திருந்தார். அந்தக் குடும்பத்தின் நாட்குறிப்பில் அன்றைய கச்சேரி பதிவாகியிருக்கிறது. எந்த இசையை எந்தப் பியானோவில் வாசித்தார் என்று வரிசையாக எழுதி, மூன்றுமே பாழாயின என்று முடித்திருக்கிறார்கள்!

ஆனால் கச்சேரி நிற்கவில்லை. ஒன்று பழுதானால் அடுத்தது. சபையோரும் விடவில்லை. கடைசியில் வாசித்த இரண்டு இசைகளையும் மறுபடி வாசிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வியன்னாவில் தொடர்ந்து பல கச்சேரிகள் நடந்தன. ஊர் முழுதும் லிஸ்ட் பேச்சுத்தான்.

வியன்னாவில் அப்போது பியூசன்டோர்ஃபர் என்ற சிறிய கம்பெனி இருந்தது. தொடங்கிப் பத்தே ஆண்டுகள். அவர்களுடைய பியானோ ஒன்று லிஸ்டின் வாசிப்பைத் தாங்கி நின்றதாம். அதிலிருந்துதான் கம்பெனிக்குப் பெயர் கிடைத்ததாம். இது அந்தக் கம்பெனி வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

லிஸ்ட் வேண்டுமென்றே தந்திகளை அறுத்து வித்தை காட்டுகிறார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவருடைய நண்பர் ஷோப்பன், சிறிய கூடங்களில் மெல்ல வாசித்தே மனங்களைக் கவர்ந்தார். அவர் பியானோக்களுக்கு இந்தக் கதி இல்லை. நியாயமாகப் பார்த்தால் பியானோ செய்தவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. லிஸ்டின் முரட்டு வேகமும் ஒரு காரணம்தான். மேதை என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

லிஸ்ட் இன்னொரு துணிச்சலான காரியமும் செய்தார். அந்தக் காலக் கச்சேரிகளில் பியானோவுக்கு நடுவே ஒருவர் பாடுவார். ஒருவர் வயலின் வாசிப்பார். பியானோ பழுதானால் பாடகரை மேடைக்கு அனுப்பிச் சமாளிக்கலாம். லிஸ்டோ 1839-இல் ரோமிலும், 1840-இல் லண்டனிலும், ஒரே ஆளாக, பியானோ மட்டும் வாசித்து முழுக் கச்சேரியையும் நடத்தினார். லண்டன் விளம்பரத்தில் இதற்கு ரிசைட்டல் என்று புதுப் பெயர். ஒரே ஆள் என்றால், பழுது வந்தால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை, பாருங்கள்! அதனால் அவருக்கு மாற்றுப் பியானோ மிகவும் அவசியமாயிற்று.

1842 ஏப்ரலில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஏறத்தாழ 3,000 பேர் கூடிய மண்டபம். நடுவில் ஒரு சிறு மேடை. அதில் எதிரும் புதிருமாக இரண்டு பியானோக்கள். லிஸ்ட் படியில் ஏறாமல் பக்கத்திலிருந்து ஒரே தாவில் மேடைக்குத் தாவினார். கையுறைகளைக் கழற்றிக் கீழே எறிந்தார். ஒரு இசை முடிந்ததும் எழுந்து அடுத்த பியானோவுக்குப் போய், மண்டபத்தின் மறுபக்கத்தாரைப் பார்த்தபடி வாசித்தார். இரு பக்கத்தாருக்கும் அவர் முகம் தெரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சபையில் இருந்த ஸ்டாசொவ் என்ற மாணவர் இதையெல்லாம் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

எல்லா ஊரிலும் இப்படி வசதி கிடைத்ததா என்றால், இல்லை. 1841 ஜனவரியில் அயர்லாந்தில் குளிரில் வண்டியேறி ஊர் ஊராகப் போனார்கள். குளோன்மெல் என்ற ஊரில் கச்சேரிக்கு வந்தவர்கள் மிகச் சிலர்! பெரிய கூடம் எதற்கு என்று, விடுதி அறையிலேயே கச்சேரி. அங்கே இருந்ததோ வீட்டில் வைக்கும் சிறிய பியானோ. ஐரோப்பாவின் மன்னர்கள் முன் வாசித்தவர், அதற்காக முகம் சுளிக்காமல் அதிலேயே வாசித்தார்.

அதே ஆண்டு இறுதியில் பெர்லின் நகரம் அவரைக் கொண்டாடித் தீர்த்தது. பத்து வாரங்களில் 21 கச்சேரிகள்! ரசிகர்கள் அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் அடித்துக்கொண்டார்கள். அறுந்த பியானோத் தந்தியைக்கூட விடவில்லை. எடுத்துப் போய் வளையலாகச் செய்து போட்டுக்கொண்டார்கள்! இந்தப் பைத்தியத்துக்குக் கவிஞர் ஹைனே 1844-இல் லிஸ்டோமேனியா என்று பெயரே வைத்துவிட்டார்.

இதற்கிடையில் பியானோ செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. மரச்சட்டத்துக்குப் பதில் வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் சிக்கரிங் 1843-இல் பெரிய பியானோவுக்கே முழு இரும்புச் சட்டம் போட்டார். உறுதியான எஃகுத் தந்திகள் வந்தன. சுத்தியல்களுக்குத் தோலுக்குப் பதில் கம்பளி உறை வந்தது. 1853 என்ற ஒரே ஆண்டில் ஸ்டைன்வே, பெக்ஸ்டைன், புளூத்னர் என்று மூன்று பெரிய கம்பெனிகள் பிறந்தன. இவை எல்லாம் லிஸ்ட் ஒருவருக்காகவே நடந்தன என்று சொல்லிவிட முடியாது. கூடங்கள் பெரிதாயின, எல்லாருக்கும் பெரிய ஒலி தேவைப்பட்டது. ஆனால் பியானோவின் பலவீனம் எங்கே என்று மேடையிலேயே, ஊரறியக் காட்டியவை அவர் கைகள்தான். இன்றைய பெரிய பியானோவின் தந்திகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை, ஏறத்தாழ 20 டன் எடைக்குச் சமம். மரச்சட்டமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

1847 செப்டம்பரில், 35 வயதில், புகழின் உச்சியில் இருந்தபோதே காசுக்குக் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார். பிறகு இசை இயற்றினார். வைமர் நகரில் அரசவை இசைக்குழுவை நடத்தினார். தேடி வந்த மாணவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். செர்னி தனக்குச் செய்ததை அவர் மறக்கவில்லை போலும். 1865-இல் ரோமில் துறவுக் கோலம் பூண்டு, நீண்ட கறுப்பு அங்கி அணிய ஆரம்பித்தார். நற்காரியங்களுக்கு நிதி வேண்டும் என்றால் மட்டும் மேடை ஏறினார்.

அப்படி ஒரு கச்சேரி 1877 மார்ச் மாதம், மறுபடியும் வியன்னாவில். பீத்தோவனுக்குச் சிலை வைக்க நிதி திரட்டும் கச்சேரி. லிஸ்டுக்கு 65 வயது. இந்த முறை பியானோ உறுதியாக இருந்தது. பழுதானது விரல்! இடது கை விரல் ஒன்றில் காயம். பீத்தோவனின் கடினமான ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவை வாசித்தாக வேண்டும். நிறுத்தினால் நிதி போய்விடும். காயம்பட்ட விரலுக்குரிய ஒலிகளை மற்ற விரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்பது விரல்களால் வாசித்து முடித்தார்.

சபையில் புசோனி என்ற பத்து வயதுச் சிறுவன் இருந்தான். பின்னாளில் அவனும் பெரிய பியானோ மேதையானான். லிஸ்டைப் பற்றி அத்தனை கேள்விப்பட்டு ஆசையோடு வந்த அவனுக்கு அன்றைய வாசிப்பு கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்ததாம். காயத்தைப் பற்றி அப்போது அவனுக்குத் தெரியாது. பாவம், லிஸ்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

1886 ஜூலை 19-ஆம் தேதி லக்சம்பர்க் நகரில் கடைசியாக மேடையில் வாசித்தார். ஜூலை 31-ஆம் தேதி ஜெர்மனியின் பைராய்ட் நகரில், நுரையீரல் காய்ச்சலால் இறந்தார். வயது 74.

புடாபெஸ்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பெரிய பியானோக்களுக்கு நடுவே ஒரு எழுத்து மேசையும் அங்கே உண்டு. பியூசன்டோர்ஃபர் கம்பெனி அவருக்காகச் செய்து கொடுத்தது. பார்ப்பதற்குச் சாதாரண மேசைதான். நடுவில் உள்ள இழுப்பறையை இழுத்தால், உள்ளே ஒரு குட்டிப் பியானோவின் கட்டைகள்!